முந்திரிக்குச் சொந்தம்

பிஸ்தாவை அரைப்பதற்கு முன் தோலை உரிக்க வேண்டும். வெந்நீரில் சற்று நேரம் போட்டெடுத்துத் துணியில் வைத்துத் தேய்த்தால் கழன்றுவிடும். அன்று அதைப் பொறுமையாகத்தான் செய்தேன்.

அத்தானின் பேக்கரியில் எனக்கு வேலை. அக்காவின் கணவர்; கடையில் எல்லோருக்கும் மாஸ்டர். முந்திரி அவருக்கு ஆகாது. ஒருமுறை தின்றுவிட்டுச் செத்துப் பிழைத்தவர். அதனால் கடைக்குள் முந்திரி வராது. ஆனால் பாதாமை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "முந்திரிதான்டா எனக்கு எமன். மத்ததெல்லாம் மாமன் மச்சான்" என்பார். நாங்கள் சிரிப்போம்.

மாலை வகுப்பில் உணவு அறிவியல் படிக்கிறேன். முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம், ஒன்று ஆகாதவருக்குப் பெரும்பாலும் மற்றதும் ஆகாது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். எனக்கு எதிலும் சந்தேகம் வரும். வகுப்பு முடிந்ததும் மறுபடி போய்க் கேட்டேன். "வீட்ல யாருக்காவது இருந்தா உடனே சொல்லிடுங்க தம்பி" என்றார் ஆசிரியை.

சொல்லத்தான் போனேன். அக்கா மணிக்கட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் முறுக்கியதில் எலும்பு உடைந்திருந்தது. கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு வந்தேன். "விடுடா, கோவத்துல பண்ணிட்டாரு" என்றாள். நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் கடையில் புதிதாக எந்தப் பூரணம் செய்தாலும் மாஸ்டர்தான் முதலில் ருசி பார்ப்பார், ஒரு முழுக் கரண்டி. பிஸ்தா விலை அதிகம் என்று அதுவரை அவர் வாங்கியதே இல்லை. என் சம்பளத்தில் வாங்கி அரைத்தேன்.

"முந்திரி இல்லல்ல?"

"இல்ல அத்தான்."

அது பொய்யில்லை.

"இனிப்பு கம்மி" என்று கரண்டியை நக்கினார். பிறகு உதடு தடித்தது. கண்கள் மூடிக்கொண்டன. மூச்சு விசில்போல் வந்தது. ரத்தம் வரும்வரை கழுத்தைப் பிறாண்டினார். தட்டு அடுக்கின்மேல் சாய்ந்தார். தட்டுகள் எல்லாம் அவர்மேல் விழுந்தன. ஆணியில் தொங்கிய தன் சட்டையை நோக்கிக் கையை நீட்டினார். இப்படி ஆனால் உடனே போட்டுக்கொள்ள வேண்டிய ஊசியை எப்போதும் அதில்தான் வைத்திருப்பார். காலையிலேயே அதை எடுத்து என் ஏப்ரன் பையில் போட்டிருந்தேன்.

சத்தம் கேட்டு மாடி வீட்டிலிருந்து அக்கா ஓடிவந்தாள். "ஊசி எங்கடா?" என்றாள். என் கண் பைப்பக்கம் போயிருக்க வேண்டும். வலியைப் பார்க்காமல் கட்டுப் போட்ட கையையே உள்ளே விட்டாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடா" என்றாள். பலமுறை சொன்னாள். அத்தானின் கால்கள் மாவுப் பீப்பாயை உதைப்பது நிற்கும்வரை நான் விடவில்லை. கட்டுக்குள் எலும்பு நொறுங்குவது என் உள்ளங்கையில் தெரிந்தது. அவர் உடைத்த அதே இடம்தான். இனி அந்தக் கை சரியாவது கஷ்டம் என்கிறார்களாம்.

அக்கா என்னைப் பார்க்க ஜெயிலுக்கு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் புரிந்துகொள்வாள். அவர் கோபத்தில் முறுக்கினார். நான் கோபப்படவே இல்லை, அவளுக்காகத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.