வலது பக்கப் பாதை

தூரம் நடக்கப் போகும் நாளில் புது ஷூ போடக் கூடாது. காலைக் கடித்துவிடும். தங்கச்சியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்கவில்லை. அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் சர்வேயர் வாங்கிக் கொடுத்த ஷூ ஆயிற்றே.

நான் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன், ஐயா. மெழுகில் ஈறு பிடித்துப் பல்லை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். அவசரப்பட்டால் போட்டவர் வாய் புண்ணாகிவிடும். பொறுமை எனக்குக் கூடப் பிறந்தது. அம்மா போனபோது தங்கச்சி பால்குடி மறக்காத குழந்தை. எனக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு அவளை ஆளாக்கினேன். சொல்லிக்காட்டுவதாக நினைக்க வேண்டாம்.

இலையுதிர் காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு நாள் மலைப்பக்கம் நடக்கப் போவோம். சர்வேயர் முன்னால் வழிகாட்டுவார். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளக் கடைசியில் நான் வருவேன். அன்று பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி. பழுத்து விழுந்த இலைகளில் பாதையே மறைந்து கிடந்தது. கால் வலிக்கிறது என்று தங்கச்சி என்னோடு பின்தங்கினாள்.

“அக்கா, அவருக்கு மாத்தலாயிடுச்சு. கல்யாணம் ஆனதும் அங்கேயே போயிடுவோம். நீ தனியா இருந்துப்பியா?”

“எனக்கென்ன, பழகிக்குவேன்.”

“மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. லீவுக்கு வருவேன்ல?”

லீவுக்கு வருவாளாம், விருந்தாளி மாதிரி.

பாதை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். முன்னால் போனவர்களின் பேச்சு பனிக்குள் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. இடது பக்கம் ஓடைப் பாலம். வலது பக்கம் கைவிட்ட கல்குவாரி. வேலி விழுந்து வெகு காலமாயிற்று. முந்தின வருடம் நானே எட்டிப் பார்த்திருக்கிறேன்.

“வலது பக்கம். நீ முன்னாடி போ, நான் லேஸைக் கட்டிட்டு வர்றேன்.”

நான் அவளைத் தொடவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். கற்கள் சரியும் சத்தம் கேட்டது. பிறகு, “அக்கா” என்று ஒரு குரல். சிறு வயதில் கெட்ட கனவு கண்டால் அப்படித்தான் கூப்பிடுவாள். லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு இடது பக்கம் நடந்தேன்.

பாலத்தருகே எல்லோரும் சாப்பாட்டைப் பிரித்திருந்தார்கள்.

“அவ எங்க?” என்றார் சர்வேயர்.

“வயிறு சரியில்லைன்னு பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பிட்டா.”

அவர் எழுந்தார்.

“விடுங்க தம்பி. பொம்பளைங்க சமாச்சாரம். நீங்க போய் நின்னா கூச்சப்படுவா.”

உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர், சொன்னால் கேட்பார். காற்று திரும்பியபோது அந்தக் குரல் இன்னொரு முறை கேட்டது. கூட வந்திருந்த எங்கள் தெரு பேக்கரிக்காரர் ஏதோ பறவை என்றார். இருக்கும் என்றேன்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவள் இல்லையென்று எல்லோரும் தேடப் போனபோது முதலில் கண்டுபிடித்ததும் நான்தான். உயிர் இருந்தது. அத்தனை நேரமும் மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. சீக்கிரம் தூக்கி வந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். கை கால் எதுவும் அசையவில்லை. சர்வேயர் தினமும் வந்தார், அப்புறம் எப்போதாவது வந்தார், அப்புறம் மாற்றலான ஊருக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள். அவருக்கு அவள் சதையா என்ன?

குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, தலை வாருவது எல்லாம் நான்தான். படுக்கைப் புண் ஒன்றுகூட இருக்காது, வேண்டுமானால் பாருங்கள். நான் அறைக்குள் நுழைந்தாலே அவள் கண்ணில் தண்ணீர் வடியும். அவ்வளவு பாசம்.

கண்ணைச் சிமிட்டிப் பதில் சொல்ல அவளைப் பழக்கியது வீட்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ். விழுந்த அன்று என்ன நடந்தது என்று அந்தப் பெண் துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள், தங்கச்சியும் சிமிட்டியிருக்கிறாள். அதில் பொய் எதுவும் இல்லை. விழுவாள் என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

நேற்று அவளை ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டீர்கள். விடியும்வரை அயர்ந்து தூங்கினாள், இப்படித் தூங்கிப் பார்த்ததே இல்லை என்றாளாம் கூடப் போன அந்த நர்ஸ். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், ஐயா. அக்கா பக்கத்தில் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. கண்ணை மூடிக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருப்பாள்.