மயக்க டாக்டரிடம் மறைத்த வாழைப்பழம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கரியாலூர் போகும் பஸ். முன்சீட்டில் அம்மா மடியில் நான்கு வயசுப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா கையில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கவர். நான் ஒட்டுக்கேட்கவில்லை, அவர்கள் குரல் அப்படி.

"ஆப்பரேசன் ரூம் கதவாண்ட வந்து என்னக் காட்டிக் குடுத்துட்டியேய்யா."

"பின்ன? பாப்பா பட்டன் பேட்டரிய முழுங்கிட்டா. இன்னா சாப்ட்டான்னு மயக்க டாக்டரு கேக்குறாரு, ஒண்ணுமே இல்லன்ற."

"பழம் குடுத்தா பேட்டரி எறங்கிடும்னு குடுத்தேன். சொன்னா திட்டுவாருன்னு பயம்."

"அதான் ரெண்டு வாழப்பழம்னு கத்தினேன். செரிக்கிற வரைக்கும் காத்துக்கினு இருந்தா பேட்டரி தொண்டக்குழிய அரிச்சுடும், மயக்கத்துல பழம் மேல வந்து நுரையீரலுக்குப் போவாம பாத்து மயக்கம் குடுக்குறேன், நல்லவேள சொன்னன்னு டாக்டரே சொன்னாரே."

பெண் கண்ணைத் திறக்காமல், பேட்டரியை எடுத்ததில் கட்டிப்போன தொண்டையோடு சொன்னாள்:

"ரெண்டு இல்லப்பா, மூணு. அம்மாவுக்குத் தெரியாம நீ ஒண்ணு குடுத்தல்ல?"