கூரைக்கு அடியில் ஒரு பெண்

ரப்பர் வாங்கினால் வெள்ளை ரப்பராகப் பார்த்து வாங்குங்கள். கலர் ரப்பர் பார்க்கத்தான் அழகு, அட்டையில் கறை வைத்துவிடும். ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட வேண்டும். எழுபது வயதுக்கு மேல் எனக்குக் கைவந்த கலைகள் இரண்டு. இது ஒன்று. மற்றது ஜப்பானிய மொழி.

நானும் பெரியவளும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னைச் சின்னவளே என்பாள். எங்கள் வீட்டுக்காரர்கள் ஆயுள் முழுக்க எதிலும் ஒத்துப்போனதில்லை. போய்ச்சேர்வதில் மட்டும் ஒரே வருடத்தில் ஒத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் கண்ணுகளா, நாங்கள் வாழவே ஆரம்பித்தோம். காலையில் காபி, மதியம் ஊர் வம்பு, சாயங்காலம் மொட்டைமாடியில் நடை. பதினோரு வருடம் இப்படி. அவள் வாய் ஓயாது, என் காது அலுக்காது.

அவளுடைய மகள் குடும்பத்தோடு ஜப்பானில் இருக்கிறாள். ஒரு நாள் போனில், "இங்கயே வந்துடும்மா. ஆனா பகல்ல நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம். கடைப் பலகை, மருந்துச் சீட்டாவது நீயே படிக்கத் தெரிஞ்சிக்கணும்" என்றாள். பெரியவள் மறுநாளே நூலக மாடியில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தாள். துணைக்கு என்று நானும் சேர்ந்தேன்.

மூன்றாவது வாரம் ஆசிரியை பலகையில் 安 என்று எழுதினார். மேலே மூன்று கோடு கூரை, கீழே மூன்று கோடு பெண். கூரைக்கு அடியில் பெண் இருந்தால் நிம்மதி என்று அர்த்தமாம். தனியாக நின்றால் 'அன்' என்று படிக்க வேண்டும்.

"இத எழுதினவன் கண்டிப்பா ஆம்பளதான். அவனுக்கு நிம்மதி, சரி. உள்ள இருக்கறவளக் கேட்டானா?" என்றாள் பெரியவள்.

வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டு, இதே எழுத்துக்கு ஒரு வால் சேர்த்தால் 'யாசுயி', அதாவது மலிவு என்றார்.

"பாத்தியாடி சின்னவளே? உள்ளயே கிடந்தா மலிவாயிடுவோம். அதான் நான் கிளம்பறேன்."

நானும் சிரித்தேன், சத்தமாகவே. அன்றைக்குச் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. அந்த எழுத்தை உண்டாக்கியவன் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டான். உள்ளே இருக்கும் பெண் எழுந்து விமானம் ஏறிவிட்டால் மிச்சம் வெறும் கூரைதான்.

பெரியவள் அட்டைகளில் பென்சிலால் எழுதிப் படிப்பாள். முன்பக்கம் ஜப்பானிய எழுத்து, பின்பக்கம் தமிழில் அர்த்தம். எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். அவள் குளிக்கப் போனால் ஒரு சீரியலே பார்த்து முடித்துவிடலாம். அவளுடைய கையெழுத்தை நாற்பது வருடமாக மளிகைச் சீட்டில் படித்தவள் நான். அவளைவிட எனக்கு அது நன்றாக வரும்.

முதலில் 'யாசுயி' அட்டையின் பின்பக்கம் இருந்த 'மலிவு' என்பதை அழித்து 'பாதுகாப்பு' என்று எழுதினேன். அவளும் வாரம் முழுக்க அப்படியே மனப்பாடம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேத்திதான் பரீட்சை வைப்பாள். கடையில் தக்காளிக்கு மேல் தொங்கிய பலகையைப் படம் எடுத்துக் காட்டினாள். பெரியவள் கம்பீரமாக, "பாதுகாப்பு" என்றாள். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "பாட்டி, தக்காளி என்ன ஹெல்மெட்டா போட்டிருக்கு?"

போனை வைத்ததும் அட்டையை எடுத்துப் பார்த்தாள். "என் கையெழுத்துதான்டி. நானே தப்பா எழுதி வச்சிருக்கேன்."

"வயசாகுதில்லக்கா" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் அவள் குளிக்கப் போனதும் மறுபடி 'மலிவு' என்றே மாற்றிவிட்டேன். இதுதான் முக்கியம், செல்லங்களே. தப்பை அப்படியே விட்டால் யாராவது கண்டுபிடிப்பார்கள். சரிசெய்துவிட்டால் யாராலும் முடியாது. அடுத்த ஞாயிறு தன் பிழையை மகளுக்குக் காட்டுவதற்காக டப்பாவைத் திறந்தாள். அட்டை சரியாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் வாயடைத்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு 安 அட்டையில் முன்னால் 不 என்று சேர்த்தேன். 'இல்லை' என்று அர்த்தம் தரும் எழுத்து. நிம்மதி 'ஃபுஅன்' ஆகிவிடும், கவலை. மொத்தமே நாலு கோடு. போலீஸே வந்தாலும் நாலு கோட்டுக்கு என்ன சட்டம் என்று புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கும்.

இரண்டு மாதத்தில் எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கேஸை மூடினோமா என்று அவளே மூன்று தடவை போய்ப் பார்த்தாள். மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டாள். டாக்டர் மாத்திரை எழுதினார். வேளை தவறாமல் கொடுக்கிறேன், அதில் நான் கறார். சாப்பிட்டால் மதியமும் தூங்குகிறாள்.

மகள் போனில் அழுதாள். "அம்மாவ இந்த நிலைமையில இங்க பகல் பூரா தனியா எப்படி விடறது சித்தி? நீங்க இருக்கறதாலதான் எனக்கு அன்ஷின்."

பாவம், பேச்சுவாக்கில் ஜப்பானிய வார்த்தை வந்துவிட்டது. மனநிம்மதி. அதிலும் இதே எழுத்துதான். எனக்கு உடனே புரிந்தது. படித்த படிப்பு வீண்போகவில்லை.

அவளுக்குப் போட்டிருந்த விமான டிக்கெட்டை ரத்து செய்தார்கள். அன்றோடு நானும் அட்டைகளைத் தொடுவதை விட்டுவிட்டேன், அவ்வளவு மோசமானவள் இல்லை நான். ஆனால் அவள் தேறவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் மறுபடி கிளம்புவாள். அந்த ஊரில் மருத்துவர்கள் 'அன்ஸேய்' என்று எழுதிக் கொடுப்பார்களாம். அலட்டிக்கொள்ளாமல் படுத்திரு என்று அர்த்தம். நான் அதைத்தான் கொடுத்திருக்கிறேன், விமானச் செலவு இல்லாமல்.

இப்போது அவள் தமிழில்தான் அட்டை எழுதுகிறாள். குழாயில் 'குழாய்', அடுப்புக்கு மேலே 'அணைச்சாச்சா?'. நேற்றுக் காலையில் கையில் ஒரு அட்டையும் ஊக்குமாக என்னிடம் வந்தாள்.

"அசையாதடி, குத்திடப்போகுது."

"எனக்கு எதுக்குக்கா?"

"நாளைக்கு உன்னையும் மறந்துட்டேன்னா?" என்று என் தோளில் குத்திவிட்டு, சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள்.

அவள் தூங்கிய பிறகு கழற்றிப் படித்தேன். 'சின்னவ. என் தங்கச்சி. இவ சொன்னா நம்பு.'

நிதானமாக இன்னொரு தடவையும் படித்தேன். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.