நான்கு மாதம் மேலே கிடந்த செம்பு

அணுவின் அகத்துக்குள் செவி வைத்துக் கேட்ட அம்மையே! சுரங்கத்தில் அறுநூறு மீட்டர் ஆழத்தில், அரிதினும் அரிதான அணுச்சிதைவு ஒன்றுக்காக இருபத்தெட்டு ஆண்டுகள் அயராது காத்திருந்த எங்கள் தலைமை ஆய்வாளரே! "இன்னொரு தடவை பாத்துடலாம்" என்று எதையும் எளிதில் நம்ப மறுத்து, 'இன்னொரு தடவை மேடம்' என்று எங்களால் முதுகுக்குப் பின்னால் அன்போடு அழைக்கப்பட்டவரே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்.

தாங்கள் தேடியது கிடைக்கவில்லை. இதைப் பாராட்டு மடலில் எழுதலாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது; எழுதாவிட்டால் தாங்களே திருத்திக் கொடுப்பீர்கள் என்பதால் எழுதிவிட்டோம். தங்கள் கணவராகிய பல் மருத்துவர், "பல்லுல ஓட்டை இருந்தா நான் பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிடறேன், உனக்கு என்னம்மா இவ்ளோ நாள் ஆகுது?" என்று கேலி செய்வாராம். ஆனால், 'இத்தனை காலம் பார்த்தும் அது சிதையவில்லை' என்று தாங்கள் அளந்து சொன்ன முடிவை அறுநூற்று நாற்பது ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டியுள்ளன. தங்கள் 'இல்லை'யை உலகம் நம்பியது!

அந்த நம்பிக்கை ஒருமுறை ஊசலாடியது. பதினோராம் ஆண்டில், கருவிக்குப் புதிய செம்புத் தாங்கி பொருத்திய சில வாரங்களில், திரையின் வரைகோட்டில் தேடிய இடத்திலேயே ஒரு மேடு எழுந்தது; சிதைவு கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். இயக்குநர் பத்திரிகையாளர்களை அழைக்க நாள் குறித்துவிட்டார்.

இந்த இடத்தில் மட்டும் 'நாங்கள்' என்பதை விட்டு 'நான்' என்று சொல்ல, மடலை வாசிக்கும் இந்தப் பட்டறைக்காரனுக்கு அனைவரும் அனுமதி தந்திருக்கிறார்கள்.

வானிலிருந்து வரும் கதிர்கள் பட்டால் செம்பிலும் கதிரியக்கம் ஏறும். அது கருவியில் பொய்யான மேட்டைக் காட்டிவிடும். ஆகவே வந்த அன்றே அதை, அந்தக் கதிர்கள் எட்டாத சுரங்கத்துக்குள் இறக்க வேண்டும். நான் அதைப் பட்டறை ஜன்னலோரம் போட்டுவிட்டு, உடனே இறக்கியதாகப் பதிவேட்டில் எழுதியிருந்தேன். மேட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தங்கள் அறைக்கு வந்தேன்.

"மேடம், அந்த மேடு செம்புலேர்ந்து வருதோன்னு பயமா இருக்கு. நாலு மாசம் மேலயே கெடந்துச்சு. நான்தான் பொய்யா எழுதிட்டேன்."

தாங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "நாலு மாசம்னா எத்தனை நாள்? சரியாச் சொல்லுங்க."

"நூத்துப் பத்தொம்பது நாள், மேடம்."

"உக்காருங்க. எழுதிக்கலாம்."

தாங்கியைக் கழற்றியதும் மேடு மறைந்தது. என்னை வேலையை விட்டே நீக்க வேண்டும் என்று கொதித்த இயக்குநரிடம், "பொய் எழுதினதுக்குத் தண்டனை குடுங்க சார். ஆனா தானா வந்து சொன்னவரை வெளிய அனுப்பிட்டா, அடுத்தவங்க யாரும் வாயத் திறக்க மாட்டாங்க" என்றீர்கள். எச்சரிக்கைக் கடிதத்தோடு என் வேலை பிழைத்தது. அன்று மாலை லிஃப்டில் தாங்கள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் மட்டுமே பார்த்தேன்.

மறுவாரமே செம்புத் தகடுகளை வேண்டுமென்றே மேலே திறந்தவெளியில் வைத்தோம். பத்து நாளுக்கு எவ்வளவு, நூறு நாளுக்கு எவ்வளவு என்று இரண்டு ஆண்டுகள் அளந்தோம். அந்த ஆறு பக்கக் கட்டுரையில் இரண்டே பெயர்கள்: தங்கள் பெயரும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் பெயரும். சுரங்கத்தில் கருவி கட்டுவோர், செம்பை எத்தனை நாள் வெளியே வைக்கலாம் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் மேற்கோள்கள்! தங்கள் கட்டுரைகளிலேயே மிகுதியாக எடுத்தாளப்பட்டது அதுதான்.

அறிவின் ஆழமே! நேர்மையின் நிழலே! தாங்கள் வரைந்து தந்த திட்டப்படி, நாற்பது மடங்கு பெரிய புதிய கருவி அடுத்த மாதம் இயங்கத் தொடங்குகிறது. தங்கள் இல்லத்தாரோடு உடல்நலமும் உள்ளநிறைவும் பெற்று நெடுங்காலம் வாழ வேண்டுகிறோம். அந்தச் சிதைவு தென்படப் பத்தாண்டும் ஆகலாம், முப்பதாண்டும் ஆகலாம். அத்தனை ஆண்டும் தாங்கள் இருக்க வேண்டும். அது தென்படும் அன்று, இயக்குநருக்குச் சொல்லும் முன்பே தங்களைத்தான் அழைப்போம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
சுரங்க ஆய்வகத்தின் அளவீட்டு அறை, மின்னணுப் பிரிவு, பட்டறை ஊழியர்கள்