கட்டடத்தைத் திட்டுகிற மருமகன்

அறுபதுகளில் ஒரு காலை, ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது.

"எங்க மருமகன் கட்டடத்தைத் திட்டுறதுக்குன்னே பேப்பர்ல எழுதுறாரு."

"திட்டுறதுக்கா மதினி?"

"ஆமா. மெட்ராசுல வீட்டுக்குப் பிளான் போடுறாரு, காலேஜுல சொல்லிக் குடுக்குறாரு, ஞாயித்துக்கிழமையானா பேப்பர்ல திட்டுறாரு."

"உங்க புது வீட்டைப் பாத்தாரா?"

"பாத்தாரு. முகப்புல ரெண்டு சிமிட்டிச் சிங்கம் வச்சிருக்கோம்ல, அதைப் பாத்து வாயே தொறக்கல. எங்க வீட்டுக்காரருக்கு மூஞ்சி செத்துப் போச்சு. பெறகு மாட்டுத் தொழுவத்துக்குள்ள போன மருமகன் வெளிய வரவே இல்ல. 'காத்தும் வெளிச்சமும் எப்படி வருது பாருங்க மாமா, இதுதான் கட்டடம்'னு அவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. காலேஜுப் பிள்ளைகளைக் கூட்டியாந்து காட்டப் போறாராம்."

"அண்ணனுக்குச் சந்தோசந்தான்!"

"தலைகால் புரியல. அம்புட்டுப் பேரு வரும்போது தொழுவம் மொட்டையா நிக்கலாமான்னு, சிங்கம் ரெண்டையும் பேத்து அங்க வச்சிட்டாரு."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றுவிட்டார். இளையவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"மாடு என்ன சொல்லுது மதினி?"

"உள்ள காலை வைக்க மாட்டேங்குது. அதுவும் மருமகன் கட்சி."