நிவேதனாவின் பேனை

— அமத்தாதேங்கோ, அக்கா. முதல் உந்த லைற் மின்னட்டும்.

— மின்னுது, தம்பி. நீலமா, விட்டு விட்டு.

— அப்ப நல்லம். மின்னினால் பேனை சோடிக்கு ஒரு ரப்லெற்றைத் தேடுது. விடாமல் எரிஞ்சால் ஆளைப் பிடிச்சிட்டுது. அவ்வளவுதான் இதின்ரை சாத்திரம்.

— நேற்றுப் பின்னேரம் விடாமல்தான் எரிஞ்சது, கிறிஸ்ரோபர். முந்தநாளும் அப்பிடித்தான். ஆனால் என்ரை புது ரப்லெற்றிலை ஒரு கோடு கீற ஏலேல்லை. அதுதான் உம்மைச் சுன்னாகத்திலை இருந்து கூப்பிட்டு மினக்கெடுத்தினனான்.

— காலமை நீங்கள் கொண்டுவந்த பேனையை மட்டும் என்ரை கடையிலை வைச்சுப் பாக்கேக்கை நல்லாத்தானே மின்னினது. சேசுவே, சில சாமானுகளுக்கு வீட்டுக்கை வந்தால்தான் குணம் மாறுது. எங்கடை அப்பரும் அப்பிடித்தான்.

— பகிடியை விடும். நாளைக்கு வகுப்புத் தொடங்குது. கனடாவிலை பிள்ளையள் ‘அ’ எழுதப் பாத்துக்கொண்டிருக்குங்கள். நான் விரலாலை எழுதினால் கோழி கிளறின மாதிரிக் கிடக்கு.

— புதுப் பேனையே வேண்டியிருக்கலாமே?

— இது கிடைச்சபிறகு எதுக்குப் புதுசு? என்ரை தங்கச்சியின்ரை. நிவேதனா. அவளின்ரை கட்டிலை இழுத்துக் கூட்டேக்கை சுவரோடை சிக்குப்பட்டுக் கிடந்தது.

— அவ தேடமாட்டாவோ?

— அவள் இஞ்சை இல்லை. ஏஜென்ற் மூலம் வெளிக்கிட்டவள், ஐப்பசியிலை. இப்ப எங்கையோ இடையிலை நிக்கிறாள். எந்த நாடெண்டு நான் கேக்கப்படாதாம்.

— விளங்குது. என்ரை மச்சானும் அப்பிடித்தான். வருசக்கணக்காக் குரலே இல்லை. மாமி செத்தவீட்டுக்கு அழுகிற மாதிரி அழுதுபோட்டா. பேந்து பாத்தால் பிரான்சிலை பனிக்குள்ளை நிண்டு படம் போடுறான், பல்லைக் காட்டிக்கொண்டு. உங்களோடை தங்கச்சி கதைக்கிறவவோ?

— கதைக்க விடுறாங்களில்லையாம். எழுதித்தான் போடுவாள். ‘சுகமா இருக்கிறன், சாப்பிட்டனான், ஒருத்தருக்கும் வாய் திறக்காதை அக்கா’ எண்டு. இந்தப் பேனையின்ரை ரப் அவளோடை போட்டுது. பேனையைத்தான் விட்டிட்டுப் போயிருக்கிறாள். ஆனால் எனக்கு எழுதினது என்னண்டால், வள்ளத்திலை போகேக்கை பேனை கடலுக்கை விழுந்திட்டுதாம்.

— இஞ்சை கட்டிலுக்குப் பின்னாலை கிடக்கிறது என்னண்டு கடலுக்கை விழும்?

— நான் பேசுவன் எண்டு பொய் சொல்லியிருப்பாள். பிறந்தநாளுக்கு நான் வேண்டிக் குடுத்த பேனை. முந்தி எண்டால் எல்லாம் கையாலை எழுதித்தான் அனுப்புவாள். முற்றத்திலை நிண்டுகொண்டு குசினிக்கை நிக்கிற எனக்கு அனுப்புவாள், ‘அக்கா தேத்தண்ணி’ எண்டு. கீழை ஒரு அணில் கீறிவிடுவாள். போனபிறகு ஒரு அணிலும் வரேல்லை. எல்லாம் ரைப் பண்ணினதுதான்.

— பேனை இல்லாட்டி என்ன, விரலாலை கீறலாமே? அணில்தானே.

— களைப்பாக்கும். மனமில்லையாக்கும். நீர் அலுவலைப் பாரும்.

— சரி, சரி. இஞ்சை பாருங்கோ, உங்கடை புது ரப்பிலை பேனையின்ரை பேர் வந்திட்டுது. அதிலை ஒருக்கா அமத்தினால் ரண்டும் சோடி. உங்கடை ரப், நீங்களே அமத்துங்கோ.

— பொறும், கண்ணாடியைக் காணேல்லை.

— தலையிலை கிடக்கு, அக்கா.

— ஆ. எதிலை அமத்த?

— இதிலை... ஆரோ வான் கொண்டு வருகினம்.

— அவர்தான். என்ரை மனுசன், வாகீசன். கீரிமலைக்குச் சனம் ஏத்தி ஹயர் போனவர், நேரத்தோடை வந்திட்டார்.

— சேசுவே! போட்டுது.

— என்ன போட்டுது?

— பேர். இப்ப இதிலை கிடந்ததெல்லோ? பேனையைப் பாருங்கோ. மின்னேல்லை. விடாமல் எரியுது.

— அப்ப சேர்ந்திட்டுது.

— சேர்ந்திட்டுது. ஆனால் எங்களோடை இல்லை. வேறை ஏதோ ஒரு ரப்போடை.

— வேறை எது? இந்த வீட்டிலை வேறை ரப் இல்லை.

— கௌரி! ஆர் வந்திருக்கினம்? படலையடியிலை மோட்டச்சைக்கிள் நிக்குது.

— இஞ்சேருங்கோ, உவர் கிறிஸ்ரோபர். சுன்னாகத்திலை போன் கடை வைச்சிருக்கிறவர். என்ரை ரப்போடை பேனையைச் சேர்த்துவிட வந்தவர்.

— வணக்கம், அண்ணை.

— இரும், தம்பி, இரும். எழும்பாதையும். ஒரு பிரச்சினையுமில்லை. கௌரி, தம்பிக்குத் தேத்தண்ணி குடுத்தனீரோ? என்ன பேனை?

— நிவேதனாவின்ரை பேனை. கட்டிலுக்குப் பின்னாலை கிடந்தது.

— அது கடலுக்கை விழுந்ததெண்டெல்லோ எழுதினவள்?

— அதைத்தான் நானும் உவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான்.

— தாரும் பாப்பம்.

— ஒரு நிமிசம், அண்ணை. நான் ஒரு புதினம் பாத்துக்கொண்டு நிக்கிறன். இந்தப் பேனை தன்ரை பழைய ரப்பைக் கண்டிட்டுது. பழைய சோடி கிட்ட நிண்டால் இது புதுசைத் திரும்பியும் பாக்காது.

— பழைய ரப் எங்கை இஞ்சை கிடக்கு? அது தங்கச்சியோடை போட்டுது. நான்தானே கொழும்புக்குக் கொண்டுபோய் விட்டனான். அவளின்ரை பையை இந்தக் கையாலைதான் தூக்கிக் குடுத்தனான்.

— அப்ப இது பிழையா எரியவேணும். பிழையா எரியிற சாதி இல்லை இது. குசினிப் பக்கம் கொண்டுபோய்ப் பாக்கட்டோ, அக்கா?

— போய்ப் பாரும்.

— இஞ்சை மின்னுது, அக்கா! கிணத்தடியிலையும் மின்னுது... நடு அறையிலை ஒருக்கா மின்னுது, ஒருக்கா நிக்குது... விறாந்தையிலை விடாமல் எரியுது. அண்ணை, உங்கடை வானுக்கை ரப் ஏதும் கிடக்கோ?

— என்ரை வானுக்கையோ? ஹயர் சனம் விட்டிட்டுப் போயிருக்கும். கேணியிலை குளிச்சுப்போட்டு ஈர உடுப்போடை ஏறினதுகள். ஒண்டை எடுத்து ஒண்டை விட்டிருக்குங்கள்.

— ஹயர் சனத்தின்ரை ரப்போடை இது ஒட்டாது, அண்ணை. முந்தி ஒருக்காச் சோடி சேர்ந்திருக்கவேணும். அதோடை அந்த ரப் உயிரோடை இருக்கவேணும். சார்ஜ் ஏத்தி, போட்டபடி.

— எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் உதுக்கு?

— பத்து மீற்றர் வரும். சுவர் இருந்தால் குறையும்.

— பத்து மீற்றர். ம். தம்பி, நான் ஒண்டு சொல்லட்டோ? உந்தப் பேனை பழுது. விளங்குதோ? பழுதான பேனைக்காக என்ரை வானைக் கிளறச் சொல்லுறீர்.

— நான் கிளறச் சொல்லேல்லை, அண்ணை. கேட்டனான்.

— கேட்டது காணும்.

— இஞ்சேருங்கோ, ஏன் அந்தப் பிள்ளையிலை கத்துறியள்?

— ஆர் கத்தினது? ஒரு பிரச்சினையுமில்லை, கௌரி. நாளைக்கு உமக்குப் புதுப்பேனை வேண்டித் தாறன், இதைவிடத் திறம். உதைத் தாரும், போற வழியிலை எறிஞ்சுவிடுறன்.

— நிவேதனாவின்ரையை எறியவோ?

— பழுதை வைச்சு என்ன செய்யப்போறீர்?

— கிடக்கட்டும். அவள் வந்து கேட்டால் குடுக்கவேணும். ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?

— ஒண்டுமில்லை. வருவாள், வருவாள். சரி, நான் டீசல் அடிச்சுக்கொண்டு வாறன், விடியப் பலாலிக்கு ஹயர் கிடக்கு. தம்பி, நான் வாறதுக்கிடையிலை நீர் வெளிக்கிட்டிடும். இருட்டப்போகுது. இந்த ஒழுங்கை அவ்வளவு நல்லதில்லை.

— ஓம், அண்ணை.

— படலையைச் சாத்திப்போட்டுப் போம்.

— வான் போட்டுது, அக்கா.

— ஓம். சந்திப் பக்கம் திரும்பிட்டுது.

— பேனை மின்னுது. நான் ஒண்டும் சொல்லேல்லை. பாருங்கோ, பேர் திரும்பவும் ரப்பிலை வந்திட்டுது. கெதியா அமத்துங்கோ, சோடியாக்கிப்போட்டு நான் போறன். உங்கடை வீட்டு அலுவல் எனக்கெதுக்கு.

— சேர்க்காதையும்.

— என்ன?

— அதை அப்பிடியே தேட விடும். கையை எடும் அதிலை இருந்து. நான் யோசிக்கவேணும்... நேற்றுப் பின்னேரம் விடாமல் எரிஞ்சது. அவர் வீட்டிலை நிண்டவர். முந்தநாளும் நிண்டவர். உம்மடை கடையிலை மின்னினது. அங்கை அவர் இல்லை.

— தங்கச்சியை ஏஜென்ற்றிட்டை ஆர் ஒப்படைச்சது?

— அவர்தான்.

— அந்த ஏஜென்ற்றை நீங்கள் கண்டனீங்களோ?

— அவர்தான் கதைச்சவர். அம்மாவின்ரை காணி வித்துக் காசும் அவர்தான் கொண்டுபோய்க் குடுத்தவர். என்னை வானிலை ஏறவேண்டாம் எண்டார். ரண்டு பொம்பிளையள் ஒண்டாப் போனால் மறிச்சுக் கேள்வி கேப்பாங்களாம். நான் படலையிலை நிண்டு கை காட்டினனான். அவள் என்னைப் பாக்கேல்லை. குனிஞ்சு, பைக்குள்ளை எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

— பேனையை.

— பேனையைத்தான்.

— எயாப்போட்டிலை இருந்து ஒருக்கா எடுத்துக் கதைச்சிருப்பாவே?

— இல்லை. அவர் திரும்பி வந்து, ‘ஏறீட்டாள்’ எண்டார். அவர் குளிக்கப் போன கையோடை அவளின்ரை முதல் செய்தி வந்தது. ரண்டும் ஒண்டா வந்ததெண்டு நான் சாமிப்படத்துக்குப் பூ வைச்சனான், தம்பி.

— மற்றச் செய்தியள் எந்த நேரம் வாறது?

— பின்னேரத்திலை. அவர் வான் கழுவுற நேரம்.

— சேசுவே.

— சேசுவைக் கூப்பிடாதையும். என்ரை போன் சத்தம் போட்டது. மேசையிலை கிடக்கு, எடும்.

— செய்தி வந்திருக்கு, அக்கா. நிவேதனா எண்டு போட்டிருக்கு.

— வாசியும். எனக்கு எழுத்தெல்லாம் ஆடுது.

— ‘அக்கா, நான் சுகம். என்ரை அந்தப் பழைய பேனையை வைச்சிருக்காதை. பழுது, கரண்ட் அடிக்கும். அத்தானிட்டைக் குடு, எறிஞ்சுவிடுவார்.’ பேனை கிடைச்சதை நீங்கள் அவவுக்கு எழுதினனீங்களோ?

— இல்லை. புது ரப்பிலை முதல் எழுத்தா ‘அ’ எழுதி, கீழை ஒரு அணில் கீறி, அதை அவளுக்கு அனுப்பவேணும் எண்டு வைச்சிருந்தனான். திடீரெண்டு பாத்துச் சிரிக்கட்டும் எண்டு. ஒரு சொல்லும் சொல்லேல்லை.

— அப்ப இந்த வீட்டிலை இருந்த எங்கள் மூண்டு பேருக்கும்தான் தெரியும்.

— போனைத் தாரும்.

— என்ன எழுதுறியள்?

— ‘விரலாலை ஒரு அணில் கீறி அனுப்பு, நிவே.’ அவ்வளவுதான்.

— பாத்தாச்சு எண்டு காட்டுது.

— ஓம்.

— எழுதுறா எண்டு காட்டுது, அக்கா... நிண்டிட்டுது... திரும்ப எழுதுறா... நிண்டிட்டுது.

— எழுதேலாது. அவருக்கு ஒரு வட்டமும் ஒழுங்காக் கீறத் தெரியாது. தம்பி, என்ரை தங்கச்சி எங்கை?

— எனக்கு என்ன தெரியும், அக்கா? எழும்புங்கோ. மோட்டச்சைக்கிளிலை ஏறுங்கோ, பொலிசுக்குப் போவம். அவர் வானிலை பின்னாலை வந்தாலும் நான் ஒழுங்கையளுக்கை விட்டு ஓடுவன்.

— பொலிசிலை என்னத்தைச் சொல்லுறது? பேனை மின்னுது எண்டோ?

— இந்தச் செய்தியைக் காட்டுங்கோ. வானைத் திறந்து பாக்கச் சொல்லுங்கோ. அழுகிறதைப் பேந்து அழலாம், அக்கா. செருப்பு எங்கை?

— நான் அழேல்லை. போன் என்னட்டை. புது ரப் கிடக்கட்டும். பேனையைக் கொண்டு வாரும், அதை இஞ்சை விடேலாது.

— கையிலைதான் கிடக்கு. பின்பக்கம் திறப்புப் போட்டுப் பூட்டினதோ?

— இல்லை, கிணத்தடிக் கதவு சும்மா சாத்திக் கிடக்கு. ஏன்?

— சும்மா கேட்டனான். வான் சத்தம் ஏதும் கேக்குதோ?

— ஒரு சத்தமும் இல்லை. முன்னாலை ஒழுங்கையும் வெறிச்சுக் கிடக்கு. நாயும் குலைக்கேல்லை.

— அப்ப நல்லம். வாங்கோ.

— பொறும், தம்பி. என்ரை புது ரப்போடை நீர் பேனையைச் சேர்த்தனீரோ?

— இல்லையே, அக்கா. நீங்கள் வேண்டாம் எண்டபிறகு நான் தொடேல்லை.

— அப்ப ஏன் உது மின்னாமல், விடாமல் எரியுது?