நூற்று நாற்பது படங்களும் மூன்று வரிகளும்

லிஃப்ட் பழுதுபார்ப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களே! ஏறாத மாடியில்லை எனும்படி உழைத்த மூத்தோர்களே! லிஃப்ட் நின்றால் எங்களைத் திட்டுவதிலும் கனிவு காட்டும் தாய்மார்களே! கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்க மனமில்லாத கண்மணிகளே! அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் நம் தொழில் மாநாடு. எனக்குப் போகக் கொடுத்துவைக்கவில்லை. மருத்துவமனை ஒன்றில் லிஃப்ட் மோட்டார் படுத்துவிட்டது. "கவலையே படாதீங்க அண்ணே, அங்க நடக்குறதை அப்பப்ப ஃபேஸ்புக்குல போட்டுடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள் நம் தோழர்கள்.

போட்டார்கள்! போட்டார்களே ஐயா, போட்டார்களே! வாசலில் ஒரு படம், வரிசையில் ஒரு படம், சாப்பாடு நிறைந்த தட்டோடு ஒரு படம், சாப்பிட்டு முடித்த தட்டோடு ஒரு படம்! மதியத்துக்குள் நூற்று நாற்பது படங்கள்! மேடையில் பேசியவர் யார்? தெரியாது. அவர் முகத்தை நம் பொருளாளரின் தலை மறைத்திருந்தது. சிரிக்காதீர்கள் பொருளாளரே, எனக்கு வயிறு எரிந்தது!

"ஒரு படத்துல மேடைத் திரையில பிரேக் தெரியுது, அதைப் பத்தி ஏதோ சொல்றாங்க போல, என்னய்யா அது? இங்க இருக்குறதும் பழைய பிரேக்குதான்" என்று பிரேக்கின் மாடல் எண்ணையும் சேர்த்து எழுதிக் கேட்டேன். வந்ததென்ன? கட்டைவிரல்! கேட்டது கேள்வி, கிடைத்தது கட்டைவிரல்!

மோட்டாரைச் சரிசெய்து முடித்தேன். அறுவை சிகிச்சைக்குப் போகவேண்டிய ஓர் அம்மையாரைக் கட்டிலோடு தள்ளிவந்தார்கள். "ஏத்திடலாமா அண்ணே?" என்றார் செவிலியர். பதில் சொல்ல வாய் திறந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. இன்னொரு சாப்பாட்டுத் தட்டின் படம்தானே என்று பார்க்காமல் விட்டிருந்தால்?

படமில்லை. மூன்றே வரி.

"அண்ணே, நீங்க கேட்ட அதே பிரேக்தான். உள்ள இருக்குற ஸ்பிரிங் விரிசல் விடுதாம், வெளிய தெரியாதாம். கழட்டிப் பாக்காம யாரையும் ஏத்தாதீங்க."

எழுதியவர், சங்கத்தில் சேர்ந்து ஆறே மாதமான நம் தங்கை. இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்று கேட்டு எழுதியிருக்கிறார்.

"நிறுத்துங்கம்மா!" என்று கத்தினேன். மேலே மோட்டார் அறைக்கு ஓடினேன். பிரேக்கைக் கழற்றினேன். விரலால் அழுத்தியதும் அந்த ஸ்பிரிங் இரண்டாக ஒடிந்தது. ஒடிந்த துண்டுகளோடு கீழே ஓடிவந்து லிஃப்டைப் பூட்டினேன். அந்த அம்மையாரை நான்கு பேர் படிவழியே தூக்கிச் சென்றார்கள். பிழைத்துக்கொண்டார்.

படம் எடுப்பது குற்றமா? இல்லை. ஆனால் போகாதவனுக்குக் கண்ணாவோம் என்றவர்களே, காதாகவும் இருக்க வேண்டாமா? பத்துப் பேர் போன இடத்தில் ஒருவர்தானா கேட்டுக்கொண்டிருந்தார்?

ஆகவே, இனி மாநாட்டுச் செய்திகளை எழுதும் பொறுப்பு அந்தத் தங்கைக்கே என்று தீர்மானம் முன்மொழிகிறேன். என்ன, கைதட்டலா? தட்டியது போதும், தூக்குங்கள் கையை! பொருளாளரே, இரண்டு கையும் வேண்டாம், ஒன்று போதும்.

தீர்மானம் நிறைவேறியது! என் எரிச்சலையும் பொறுத்துக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.